பனி பிடிக்காத முப்பது அடி

இதுவா சார்? பயப்படாதீங்க, பாம்பு இல்ல. குழாய்க்குப் போடற உறை. கறுப்பா, உள்ள துவாரமா, பஞ்சு மாதிரி இருக்கும். அமுக்கிப் பாருங்க. சும்மா அமுக்குங்க. சுடுதண்ணிக் குழாய்க்கு இதை மாட்டி விட்டுட்டா சூடு வெளிய போகாது. மேட்டுப்பாளையத்துல இந்த அளவு கிடைக்கல, கோயம்புத்தூர் போயி வாங்கிட்டு வரேன். கண்டக்டர் மேல போடச் சொன்னான். நான்தான் மடியிலயே வெச்சுக்கறேன்னுட்டேன். நசுங்கிட்டா பிரயோஜனம் இல்ல.

ஊட்டிக்கா போறீங்க? நானும் அங்கதான். இருபத்தாறு வருஷமா பிளம்பர் வேலை. எந்த லாட்ஜுல வேணும்னாலும் கேளுங்க, ஞானமுத்துன்னா தெரியும். எமரால்டுங்கற ஊருக்குப் போற பக்கம் மட்டும் நான் வேலை எடுக்கறதில்ல. கூப்பிடறாங்க, நான் போறதில்ல. அங்க ஒரு ஆளு இருக்காரு. வழியில பாத்தா அந்தாண்ட ஓரத்துக்குப் போயிடறாரு. திட்டினா கூட பரவாயில்ல சார். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு. நான் அவருக்கு எவ்வளவோ செஞ்சிருக்கேன். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. பஸ்ஸு மேல போயிச் சேர எப்படியும் ரெண்டு மணி நேரம் ஆகும்.

அந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். சிஸ்டருங்க நடத்தறது. பேரு வேண்டாம், நல்ல இடம். நாப்பது பெரியவங்க. ஆயாம்மாங்க சமையல்கட்டுல தண்ணி காய வெச்சு, வாளியில தூக்கிட்டு வார்டுக்குப் போவாங்க. ஒரு நாள் ஒரு ஆயாம்மா வழுக்கி, காலெல்லாம் கொப்பளிச்சுப் போச்சு. அதுக்கப்புறம்தான் தலைமைச் சிஸ்டர், பிலோமினான்னு பேரு, என்னைக் கூப்பிட்டு, வெளிய விறகு பாய்லர் வெச்சு குழாயில வெந்நீர் வர மாதிரி செய்யணும்னாங்க. அங்க கரண்டு எப்ப வரும், எப்ப போகும்னு தெரியாது. விறகுக்குப் பஞ்சமில்ல, அவங்க நிலத்துலயே சீகை மரம் காடா கிடக்கு.

பாய்லர் ஷெட்டைக் கீழ தோட்டத்து ஓரத்துல போட்டோம். புகை வார்டுக்கு வரக்கூடாதில்ல. அங்கயிருந்து வார்டு நூத்தம்பது அடி. நடுவுல புல்வெளி. குழாயை மேலாக விட்டா பெரியவங்க தடுக்கி விழுவாங்க, அதனால பூமிக்குள்ள பதிக்கணும்.

சுடுதண்ணிக் குழாயை மண்ணுல பதிக்கறது லேசான வேலை இல்ல சார். நம்ம மலை மண்ணு ஈரம். ஈர மண்ணு சூட்டை அப்படியே குடிச்சிடும். அதனால முதல்ல இந்த உறை போடணும். உறையும் உறையும் சேர்ற இடத்துல பசை தடவி டேப் சுத்தணும். அதுக்கு மேல பெரிய பிளாஸ்டிக் குழாய்க்குள்ள நுழைச்சு, ரெண்டு முனையும் தண்ணி புகாம அடைக்கணும். அடியில ஜல்லி கொட்டி, சரிவா வாட்டம் கொடுத்தா, வர தண்ணி நிக்காம ஓடிடும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாம செய்யறவன் இல்ல நான்.

நூத்திருபது அடிக்கு அப்படித்தான் செஞ்சேன். சுத்தமா. இன்னைக்குத் தோண்டிப் பாத்தாலும் புதுசு மாதிரி இருக்கும். மீதி முப்பது அடிக்கு உறை பத்தல. கோயம்புத்தூர்ல சொல்லி வெச்சிருந்தேன், மழையில பர்லியார் கிட்ட மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுப் போச்சு. லாரி வரல. செப்டம்பர் எட்டு மாதா பொறந்த நாளு, பிஷப் வந்து பாய்லரை மந்திரிச்சுத் திறந்து வைக்கறதா ஏற்பாடு. ஆறாம் தேதி சிஸ்டர் வந்து குழியைப் பாக்கறாங்க. "ஞானமுத்து, பிஷப் நடந்து வர வழியில இப்படி வாயைப் பொளந்துகிட்டு கிடக்குதே"ன்னாங்க.

நான் என்ன பண்ணுவேன்? முப்பது அடிக்கும் கோணிச்சாக்கை நாலு சுத்துச் சுத்தி, மேல பாலிதீன் போட்டுக் கட்டி, மண்ணைத் தள்ளி, புல்லு பதிச்சிட்டேன். விழா முடியட்டும், சரக்கு வந்ததும் தோண்டி மாத்திடலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன் சார். அப்புறம் குன்னூர்ல ஒரு லாட்ஜு வேலை வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. தண்ணியும் அப்ப நல்லா சூடாத்தான் போயிட்டிருந்துச்சு. நல்லாப் போற குழாயை எவன் தோண்டுவான்?

பாய்லர் எரிக்கறதுக்கு ஒருத்தரை வெச்சாங்க. அவருதான் வீரமலை. சிலோன்ல இருந்து சின்ன வயசுல திரும்பி வந்த குடும்பம். தேயிலை ஃபேக்டரியில வருஷக்கணக்கா அடுப்பு எரிச்சவரு. விறகைக் கையில எடுத்தாலே எவ்வளவு ஈரம்னு சொல்லிடுவாரு. ஃபேக்டரியை மூடுனப்போ, அங்க வெச்சிருந்த நீளமான இரும்புத் தீக்கோலைக் கேட்டு வாங்கிட்டு வந்துட்டாரு. அதை வேற யாரும் தொடக்கூடாது. நான் அந்தப் பக்கம் போனா, "வாங்க மேஸ்திரி"ன்னு பாய்லர் ஓரத்துல சுட வெச்ச டீயை ஊத்திக் கொடுப்பாரு. சிநேகிதம்தான் சார். நல்ல சிநேகிதம்.

ஐப்பசியில மழை பிடிச்சுது. நிக்கவே இல்ல. கார்த்திகையில ஒரு நாள் வீரமலை போன் பண்றாரு. "மேஸ்திரி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

போனேன். பாய்லர் மேல இருக்கிற மீட்டரைக் காட்டினாரு. நல்ல சூடு. அப்புறம் வார்டுக்குக் கூட்டிட்டுப் போயி குழாயைத் திறந்து கையை நீட்டச் சொன்னாரு. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. "நான் கொதிக்கக் கொதிக்க அனுப்பறேன் மேஸ்திரி. வழியில பூமி குடிச்சிடுது. முன்ன எரிச்ச மாதிரி ரெண்டு பங்கு விறகு எரிக்கறேன், அப்பவும் இவ்வளவுதான். எங்கயோ உறை விட்டிருக்கு"ன்னாரு.

"அதெல்லாம் இருக்காது வீரமலை. மழை நின்னா சரியாயிடும்"னேன்.

அவரு என் முகத்தையே பாத்தாரு. சந்தேகமாப் பாக்கல. நம்பித்தான் பாத்தாரு. "நீங்க சொன்னா சரிதான்"னாரு.

அந்த வாரமே போயித் தோண்டியிருக்கலாம்னு நீங்க கேப்பீங்க. மழையில எப்படி சார் தோண்டறது? புல்லு போயிடும். அதோட, சிஸ்டர் கேப்பாங்க, இதுக்குள்ள என்ன இருக்கு, ஏன் சாக்கு இருக்குன்னு. மழை விடட்டும்னு இருந்தேன்.

மழை விடறதுக்குள்ள டிசம்பர் வந்துடுச்சு. வார்டுல பெரியவங்க சத்தம் போட ஆரம்பிச்சிட்டாங்க. எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க, எண்பத்தொரு வயசு, ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்தவங்க. நான் வார்டுப் பக்கம் போனா, "ஞானமுத்து, உன் வெந்நீருக்குக் குளிர்க்காய்ச்சலா? தொட்டா சில்லுன்னு இருக்கு"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. ரெண்டு பேருக்குச் சளி நெஞ்சுல கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிக் கொண்டு வந்தாங்க. விறகுக் கொட்டகை பாதி காலி. ஒரு வருஷத்துக்குன்னு வெட்டி அடுக்குனது. வாட்ச்மேன் சிஸ்டர்கிட்ட போயி, வீரமலை சம்சாரம் தினம் சாயந்திரம் ஒரு கட்டு தூக்கிட்டுப் போகுதுன்னு சொல்லிட்டான். அது சிராய்த்தூள், பட்டை. எடுத்துக்கச் சொன்னதே சிஸ்டர்தான். அவங்களுக்கு மறந்து போச்சு.

ஆபீஸ் ரூமுக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. வீரமலை தலைப்பாகையை அவுத்துக் கையில வெச்சுகிட்டு நின்னாரு. எனக்கு மட்டும் நாற்காலி போட்டாங்க. சிஸ்டர் பிலோமினா சத்தமா பேசற ஆளு இல்ல. மெதுவாத்தான் பேசுனாங்க. அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

"விறகு ரெண்டு பங்கு போகுது, தண்ணி பாதிச் சூடு கூட இல்ல. ஒண்ணு, லைன்ல கோளாறு இருக்கணும். இல்ல, விறகு பாய்லருக்குப் போகல. ஞானமுத்து, நீங்க போட்ட லைன். நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன். கோளாறு இருக்கா?"

வீரமலை என்னைத் திரும்பிப் பாத்தாரு. அவரு முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது சார். அப்பாடா, தெரிஞ்ச ஆளுகிட்ட கேட்டாங்கன்னு.

சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். வந்தது, "லைன் நல்லா இருக்கு சிஸ்டர்."

அவ்வளவுதான் சொன்னேன். வீரமலை திருடுனாருன்னு நான் சொல்லவே இல்ல. இதை நீங்க கவனிக்கணும். குழாயைப் பத்திக் கேட்டாங்க, குழாயைப் பத்திச் சொன்னேன்.

வீரமலை பேசியிருக்கலாம். "தோண்டிப் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? தலைப்பாகையைத் திரும்பக் கட்டிகிட்டு, "நான் வரேங்க சிஸ்டர்"னு வெளிய போயிட்டாரு. கிறிஸ்மஸுக்கு நாலு நாளு இருந்துச்சு.

அடுத்த ஆளு கிடைக்கிற வரைக்கும் என்னையே பாய்லரைப் பாத்துக்கச் சொன்னாங்க சிஸ்டர். நான் எப்படி முடியாதுங்கறது? ஒத்துக்கிட்டேன். முதல் நாளு எரிச்சப்பவே தெரிஞ்சு போச்சு. கொட்டகை விறகைக் கொஞ்சமா போட்டா வார்டுக்குப் பச்சைத் தண்ணிதான் போகும். நிறைய போட்டா, அப்ப வீரமலையும் இப்படித்தானே எரிச்சிருக்காருன்னு சிஸ்டருக்குத் தெரிஞ்சிடும்.

என் வீட்டுப் பின்னாடி ஒரு பெரிய சீகை மரம் சாஞ்சு கிடந்துச்சு, நல்லா காஞ்சது. அதை ஆளு விட்டு அறுத்து, விடியக்காலையில தார்ப்பாய் மூடி என் பிக்கப்புல ஏத்திட்டுப் போவேன். கொட்டகை விறகு கொஞ்சம், என் விறகு நிறைய. ஷெட்டு கீழ இருக்கறதால யாரு கண்ணுக்கும் படாது. வார்டுக்கு ஓரளவு நல்ல சூடா போச்சு. யாரு செய்வாங்க சொல்லுங்க? சொந்த விறகைக் கொண்டு போயி அடுத்தவங்க அடுப்புல போட்டவன் நான். அந்தப் பெரியவங்க குளிரக் கூடாதுன்னுதான்.

பத்து நாளைக்கப்புறம் சிஸ்டர் கொட்டகைக்கு வந்து பாத்தாங்க. அடுக்கு பெருசா குறையல, தண்ணியும் சுடுது. விறகு மேலயே உக்காந்துட்டாங்க. "அப்ப வீரமலை நிஜமாவே..."ன்னு ஆரம்பிச்சு முடிக்காம விட்டுட்டாங்க. கண்ணுல தண்ணி. "மனசு ஓரத்துல ஒரு சந்தேகம் இருந்துச்சு ஞானமுத்து, அவர்மேல அநியாயமாப் பழி போட்டுட்டோமோன்னு. இப்ப தெளிவாயிடுச்சு. கமிட்டியில போலீஸ்ல சொல்லலாங்கறாங்க."

நான்தான் தடுத்தேன். "போலீஸ் எல்லாம் வேண்டாம் சிஸ்டர். கஷ்டப்பட்ட குடும்பம். விட்டுடுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். "உங்களுக்கு நல்ல மனசு"ன்னாங்க. இது வீரமலைக்குத் தெரியுமோ என்னவோ. தெரிஞ்சும் இப்படி இருக்காருன்னா என்ன சொல்றது.

அப்புறம்தான் சார் பனி விழுந்துச்சு.

ஜனவரி முதல் வாரம். உங்களுக்குத் தெரியுமே, ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்தா விடியக்காலையில புல்லு மேல உப்பைக் கொட்டுன மாதிரி இருக்கும். நான் பிக்கப்பை நிறுத்திட்டு, விறகை இறக்கிட்டு நிமிந்து பாக்கறேன். புல்வெளி முழுக்க வெள்ளை. நடுவுல பச்சையா ஒரு கோடு. கோடுன்னா, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி. ஒரு முழ அகலம். அதுல மட்டும் பனி பிடிக்கல.

போயி நின்னேன். சரியா என் உறை முடியற இடத்துல ஆரம்பிச்சு, வார்டு சுவரு கிட்ட முடியுது. முப்பது அடி. அளந்து பாக்க வேண்டியதில்ல. நூத்திருபது அடிக்கு மேல பனி அப்படியே கிடக்கு, அங்க சூடு வெளிய வரல. சாக்கு சுத்துன முப்பது அடியில, அடியில போற வெந்நீரு புல்லைக் காய்ச்சிகிட்டு இருக்கு. படிக்காதவன் பாத்தாலும் புரியும்.

ஆறரைக்கெல்லாம் சிஸ்டருங்க கோயிலுக்குப் போக இந்த வழியாத்தான் வருவாங்க. வெயிலு ஏற எட்டு மணி ஆகும். ஷெட்டுல ஒரு கோணி கிடந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு வந்து ரெண்டு பக்கமும் பனியைத் தட்டினேன். இழுத்து இழுத்துத் தேச்சேன். எவ்வளவு தேச்சாலும் பச்சை இன்னும் அகலமாத்தான் ஆகுதே தவிர, கோடு போகல. அப்புறம் வேற வழியில்லாம புல்வெளி பூரா ஓடி ஓடித் தட்டினேன். மூச்சு வாங்குது, வாயிலருந்து ஆவி போகுது.

மேல ஜன்னலு திறந்துச்சு. எஸ்தர் டீச்சர். குல்லா போட்டுகிட்டு எட்டிப் பாக்கறாங்க. "என்னடா ஞானமுத்து, புல்லுக்குத் தலை சீவி விடறியா?"

"பனி புல்லைக் கருக்கிடும் டீச்சர். அதான் தட்டி விடறேன்."

அந்தம்மா போயி சிஸ்டர்கிட்ட, ஞானமுத்து புல்லுக்குக் கூடப் பாவம் பாக்கறான்னு சொல்லியிருக்காங்க. சிஸ்டர் எனக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்தாங்க. கம்பளிக் கையுறை. அதைப் போட்டுகிட்டுத்தான் மறுநாளும் தட்டினேன்.

மூணாம் நாளு பனி இன்னும் கெட்டி. காலை வெச்சா நறநறங்குது. நான் கோணியை இழுத்துகிட்டு பாதி புல்வெளி வந்திருப்பேன். பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சு. திரும்பினா வீரமலை.

தீக்கோலை எடுத்துட்டுப் போக வந்திருக்காரு. யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு விடியறதுக்குள்ள வந்திருக்காரு. பழைய கம்பளியைப் போத்திகிட்டு, தோள்ல அந்தக் கோலு. என் பிக்கப்பைத் தாண்டித்தான் வந்திருக்கணும். தார்ப்பாய் பாதி திறந்து, விறகு தெரிஞ்சுகிட்டு இருந்துச்சு.

அவரு என்னைப் பாக்கல. கோட்டைப் பாத்தாரு. ஆரம்பிச்ச இடத்துலருந்து முடியற வரைக்கும் மெதுவா பாத்தாரு. அப்புறம் கோலைக் கீழ வெச்சாரு. செருப்பைக் கழட்டினாரு. வெறுங்காலைப் பச்சை மேல வெச்சு நின்னாரு.

"சுடுது"ன்னாரு.

"வீரமலை, நானே சொல்லணும்னுதான்..."

"எப்ப?"

"மழை நின்னதும்."

"மழை நின்னு ஒரு மாசம் ஆச்சு." அவரு குரலு ஏறவே இல்ல சார். ஃபேக்டரி இரைச்சல்லயே இருந்த ஆளு, எப்பவும் கத்தித்தான் பேசுவாரு. அன்னைக்கு எனக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசுனாரு. "என் பொண்டாட்டி இந்த வாசல் வழியா நடக்கறதில்ல. கடைக்குப் போகணும்னா சுத்திகிட்டுப் போறா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா, மேஸ்திரி?"

கோயில் மணி அடிச்சுது. சிஸ்டருங்க வரிசையா வராங்க. பிலோமினா சிஸ்டர் முன்னாடி. வீரமலையைப் பாத்ததும் நின்னுட்டாங்க.

நான் முந்திக்கிட்டேன். ஓடிப் போயி, "சிஸ்டர், கண்டுபிடிச்சுட்டேன்! இங்க பாருங்க, இந்த இடத்துல மட்டும் பனி பிடிக்கல. சூடு இங்கதான் வெளிய போகுது. உறை கெட்டுப் போயிருக்கு. கம்பெனிச் சரக்கு சரியில்ல சிஸ்டர். வீரமலை மேல தப்பே இல்ல"ன்னேன்.

ஒரே மூச்சுல சொன்னேன். சொல்லிட்டேனா இல்லையா? வீரமலை மேல தப்பு இல்லைன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னது நான்தானே?

சிஸ்டர் கோட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "அப்ப நீங்க எரிச்சப்போ கொட்டகை விறகு எப்படி இவ்வளவு கொஞ்சமா செலவாச்சு?"ன்னாங்க. விவரமானவங்க.

"என் வீட்டு விறகு சிஸ்டர். பெரியவங்க குளிர்றாங்களேன்னு கொண்டாந்து போட்டேன். சொல்லிக்க வேண்டாம்னு இருந்தேன்."

அது பொய் இல்லையே.

சிஸ்டர் அப்படியே வீரமலை முன்னாடி போயி ரெண்டு கையையும் கூப்பினாங்க. "என்னை மன்னிச்சிடுங்க"ன்னு அழுதாங்க. அவரு பதறிப் போயி, "ஐயோ, நீங்க எதுக்குங்க சிஸ்டர்"னு பின்னாடி நகந்தாரு. 'நீங்க'ங்கறதைக் கொஞ்சம் அழுத்தினாரு. சிஸ்டர் அதைக் கவனிக்கல. நான் கவனிச்சேன். இப்பச் சொல்லிடுவாரு, இப்பச் சொல்லிடுவாருன்னு பாத்தேன். அவரு சொல்லல. என்னையே பாத்துகிட்டு நின்னாரு. நான் மண்வெட்டி எடுக்கப் போயிட்டேன்.

அன்னைக்கே தோண்ட ஆரம்பிச்சோம். வீரமலையும் மண்வெட்டியை எடுத்துகிட்டு குழிக்குள்ள இறங்கிட்டாரு. நான் கூப்பிடல. ரெண்டு பேரும் மூணு நாளு ஒரே குழியில தோளு உரசி வேலை செஞ்சோம். மூணு நாளும் ஒரு வார்த்தை பேசல. டேப்னா டேப், கத்தின்னா கத்தி. கையை நீட்டுவாரு, நான் கொடுப்பேன். அவ்வளவுதான்.

முதல் நாளே சாக்கு வெளிய வந்துடுச்சு. கறுத்து, அழுகி, பிழிஞ்சா தண்ணி சொட்டுது. பாலிதீன் ஒட்டுல எல்லாம் விட்டுப் போயி உள்ள குளமா நின்னிருக்கு. சிஸ்டர் மேல நின்னு, "என்ன அது?"ன்னாங்க.

வீரமலை அதை ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்சுகிட்டு என்னைப் பாத்தாரு. பதிலை என்கிட்டயே விட்டுட்டாரு.

"பழைய சாக்கு சிஸ்டர். மண்ணுல கிடந்திருக்கு"ன்னேன்.

அவரு அதை ஷெட்டுக்குள்ள கொண்டு போயி பாய்லர் வாயில போட்டுட்டாரு. எரியவே இல்ல. மத்தியானம் வரைக்கும் புகைஞ்சுகிட்டே இருந்துச்சு. ஆனா பாருங்க, என்னைக் காட்டிக் கொடுக்கல. அதுலருந்தே தெரியலயா, அவருக்கு என்மேல கோவம் இல்லன்னு?

இந்த தடவை சரியா செஞ்சேன். குழாயைத் துடைச்சு, காய வெச்சு, ரெண்டு அடுக்கு உறை, பசை, டேப், வெளிய பெரிய குழாய், அடியில ஜல்லி. கடைசிக் குழாயைத் திறந்தா கை வைக்க முடியல. எஸ்தர் டீச்சர் குளிச்சுட்டு வந்து, "இப்பத்தான்டா உயிர் வந்துச்சு"ன்னாங்க.

வீரமலையை சிஸ்டர் திரும்ப வேலைக்கு எடுத்துகிட்டாங்க. பொங்கலன்னைக்கு இல்லத்துல ஒரு சின்ன விழா வெச்சாங்க. பெரியவங்க எல்லாம் நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. சிஸ்டர் மைக்குல என்னைப் பத்திப் பேசுனாங்க. சொந்த விறகைக் கொடுத்தவர், பனியைப் பாத்தே பழுதைக் கண்டுபிடிச்சவர்னு. எனக்குக் கூச்சமா போச்சு. அப்புறம், "நம்ம ஞானமுத்துவுக்குப் பொன்னாடை போத்த வீரமலையை அழைக்கிறேன்"னாங்க. அவங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சாங்க.

எல்லாரும் கை தட்டறாங்க. வீரமலை எந்திரிச்சு வராரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு. தட்டுல இருந்த சால்வையை எடுத்து உதறினாரு. மைக்கு பக்கத்துலதான் இருக்கு. நாலு வார்த்தை சொன்னாப் போதும்.

என் தோளைச் சுத்திப் போட்டாரு. முன்னாடி இழுத்துச் சரி பண்ணாரு. குழாய்க்கு உறை மாட்டற மாதிரி ஓரத்தோட ஓரம் சேத்தாரு. காதுகிட்டக் குனிஞ்சு, "நல்லாப் போத்திக்குங்க மேஸ்திரி. உள்ள இருக்கறது வெளிய தெரியாது"ன்னாரு.

அவ்வளவுதான். போயித் தன் நாற்காலியில உக்காந்துட்டாரு. அதுதான் அவரு என்கிட்டப் பேசுன கடைசி வார்த்தை.

மறுநாளு காலையில வந்து வழக்கம் போலப் பாய்லரைப் பத்த வெச்சாரு. வார்டுக் குழாயெல்லாம் ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தாரு. அப்புறம் ஷெட்டுச் சாவியைக் கொண்டு போயி சிஸ்டர் மேஜையில வெச்சிட்டாரு. "லைன் நல்லா இருக்கு சிஸ்டர். இனிமே யாரு வேணும்னாலும் எரிக்கலாம்"னு சொல்லிட்டு, தீக்கோலைத் தோள்ல போட்டுகிட்டுப் போயிட்டாரு. சிஸ்டர் எவ்வளவோ சொன்னாங்களாம். சம்பளம் கூட்டித் தரேன்னாங்களாம். கேக்கல.

சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் சார். பழி போயிடுச்சு. மன்னிப்புக் கேட்டாச்சு. குழாயும் சரியாயிடுச்சு. அப்புறம் ஏன் ஒரு மனுஷன் போகணும்?

"நீங்க அவரோட நெருக்கமாச்சே ஞானமுத்து. என்கிட்டச் சொல்லாததை உங்ககிட்டச் சொல்லியிருப்பாரு. ஏன் போறாரு?"ன்னாங்க.

"வயசாயிடுச்சில்ல சிஸ்டர், முன்ன மாதிரி முடியல"ன்னேன்.

என்னைவிட நாலு வயசு சின்னவரு.